'சேவ் அஸ்' பட்டியலுக்குள் ஒரு வரலாறு: கேட் ஃபைல்களும் அவற்றின் பூட்டுகளும்

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த ஃபைலை, பாமினி இல்லாத கணினியில் திறந்து பார்த்தவர்கள் எங்களுக்குள்ள கனபேர். தமிழ் இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து குப்பையாக நிற்கும். கட்டுரை அழிந்துபோகவில்லை, எல்லாம் உள்ளேதான் இருக்குது. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்ற உடன்பாடுதான் அந்தக் கணினிக்குத் தெரியாது. யூனிகோட் வந்து எத்தனையோ வருசம் ஆகியும், "பாமினியில அனுப்புங்கோ" எண்டு கேட்கிற அச்சகங்கள் இன்னும் இருக்கின்றன.

பொறியியல் வரைபடங்களுக்கும் இதே வியாதி உண்டு, இதைவிடக் கடுமையாக. எழுத்து என்றால் ஒரு மாற்றியில் போட்டு யூனிகோடாக எடுத்துவிடலாம். ஒரு கியர்பெட்டியின் முப்பரிமாண வடிவம் அவ்வளவு லேசில் மாறாது. அதற்குள் வளைவுகளின் கணிதம் இருக்கிறது. பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தும் முறை இருக்கிறது. வரைந்தவர் என்ன நினைத்து வரைந்தார் என்பதும் இருக்கிறது.

எங்கட வட்டத்தில் இயந்திரப் பொறியியல் படிக்கிற, சின்னச் சின்ன டிசைன் வேலைகள் எடுத்துச் செய்கிற நண்பர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி: "எதில சேவ் பண்ணுறது?" கணினிவழி வடிவமைப்பு மென்பொருள், அதாவது கேட் மென்பொருள், எதைத் திறந்து 'சேவ் அஸ்' அழுத்தினாலும் ஒரு நீண்ட பட்டியல் வரும். ஸ்டெப், ஐஜெஸ், பாராசொலிட், எஸ்.டி.எல்., டி.எக்ஸ்.எஃப். எண்டு பெயர்கள் வரிசையாக நிற்கும். வெறும் மெனுவாகப் பார்த்தால் தலை சுத்தும். ஆனால் அந்தப் பட்டியலில் இருக்கிற ஒவ்வொரு பெயரும் ஏதோவொரு தேவைக்காக, ஏதோவொரு இழுபறிக்குப் பிறகு அங்கே வந்து சேர்ந்தது. அந்தக் கதை தெரிந்தால் எதைத் தெரிவு செய்வது என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

கடதாசி எல்லாருக்கும் பொது

கணினிக்கு முந்தைய காலத்தில் இந்தப் பிரச்சினை இருக்கவில்லை. மேலிருந்து, முன்னாலிருந்து, பக்கவாட்டிலிருந்து பார்க்கும் தோற்றங்கள், அளவுகள், சில குறியீடுகள், அவ்வளவுதான் ஒரு பொறியியல் வரைபடம். அந்த மரபைப் படித்த எந்த லேத் தொழிலாளியும் அதை வாசித்துப் பொருளைக் கடைந்து எடுக்கலாம். வரைந்த பென்சில் எந்தக் கம்பனியுடையது என்று ஒருவரும் கேட்கப் போவதில்லை.

1963 இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஐவன் சதர்லாண்ட் தன் கலாநிதிப் பட்ட ஆய்வுக்காக 'ஸ்கெட்ச்பேட்' என்ற நிரலை எழுதினார். டி.எக்ஸ்-2 என்ற பெரிய கணினியின் திரையில் ஒளிப்பேனாவால் கோடு வரையலாம். இரண்டு கோடுகள் எப்போதும் சமாந்தரமாக இருக்கவேண்டும் என்று கட்டளையும் இடலாம். வரைபடம் கடதாசியை விட்டுக் கணினி நினைவகத்துக்குள் போன தொடக்கப் புள்ளிகளில் இது முக்கியமானது. போனதும், அதை வாசிக்கிறதுக்கு மனிதக் கண் மட்டும் போதாது என்ற நிலை வந்தது. எழுதிய நிரலோ அதைப் புரிந்துகொள்கிற இன்னொரு நிரலோ வேண்டும்.

இதே காலத்தில் பிரான்சின் கார் கம்பனிகளில் இன்னொரு விஷயம் நடந்தது. கார் உடலின் வளைந்த தகட்டை எண்களால் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு, 1959 அளவில் சிட்ரோயனில் பணியாற்றிய கணிதவியலாளர் போல் டி கஸ்டெல்ஜோ ஒரு விடை கண்டுபிடித்தார். கம்பனி அதைத் தொழில் இரகசியமாக வைத்துக்கொண்டது. கொஞ்சக் காலத்தில் ரெனோவின் பொறியியலாளர் பியர் பெசியே தன் வழியில் அதே வளைவுகளுக்கு வந்து சேர்ந்தார். அவர் அதை வெளியே எழுதினார். இன்றைக்கு உலகம் அவற்றை 'பெசியே வளைவுகள்' என்றுதான் அழைக்கிறது. கணினிக்கு வடிவம் சொல்லிக்கொடுக்கும் இந்தத் துறையில் ஒளித்துவைப்பதும் பகிர்வதும் ஆரம்பத்திலிருந்தே ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வருகின்றன.

ஐஜெஸ்: துளைஅட்டை காலத்துச் சமரசம்

1970களில் கேட் என்பது பெட்டியோடு விற்கப்பட்ட பொருள். கம்பியூட்டர்விஷன், அப்ளிகொன், கல்மா போன்ற கம்பனிகள் கணினி, திரை, மென்பொருள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விலைக்கு விற்றன. ஒரு கம்பனியின் பெட்டியில் வரைந்ததை இன்னொரு கம்பனியின் பெட்டியில் திறக்க ஏலாது. விற்கிறவர்களுக்கு அது வசதி. ஒருமுறை வாங்கிய வாடிக்கையாளர் வேறெங்கே போவார்?

நெருக்கடி வாடிக்கையாளர்களிடமிருந்துதான் வந்தது, அதுவும் மிகப் பெரிய வாடிக்கையாளர்களிடமிருந்து. அமெரிக்க விமானப்படை, கடற்படை, நாசா ஆகியவை நூற்றுக்கணக்கான கம்பனிகளிடம் பாகங்கள் செய்விக்கின்றன. ஆளுக்கொரு பெட்டி வைத்திருந்தால் வேலை எப்படி நடக்கும்? 1979 இல் அமெரிக்காவின் தேசிய தர நிர்ணயப் பணியகம் முன்னின்று எல்லாரையும் கூட்டியது. ஜெனரல் எலெக்ட்ரிக்கும் போயிங்கும் தங்கள் உள்வேலைக்காக ஏற்கெனவே உருவாக்கியிருந்த இடைவடிவங்களைக் கொடுத்தன. சில மாதங்களிலேயே, 1980 ஜனவரியில், ஐஜெஸ் வெளியானது. 1981 இல் அது அமெரிக்கத் தேசிய தரமாகவும் ஏற்கப்பட்டது.

ஐஜெஸ் என்பதை விரித்தால் 'ஆரம்ப வரைகலைப் பரிமாற்ற விவரக்குறிப்பு' என்று வரும். பெயரிலேயே 'ஆரம்ப' இருக்கிறது. நாற்பது வருசம் தாண்டியும் அது மெனுவை விட்டுப் போகவில்லை.

ஒரு ஐஜெஸ் ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கோ. ஒவ்வொரு வரியும் சரியாக 80 எழுத்து. ஏன் 80? அந்தக் காலத்துத் துளைஅட்டையில் 80 நிரல்கள் இருந்தன, அதனால். கணினிகளில் இருந்து அட்டை மறைந்துபோனது, அதன் அகலம் மட்டும் ஃபைலுக்குள் தங்கிவிட்டது. இந்த வடிவத்தின் கடைசிப் பதிப்பான 5.3 வெளியானது 1996 இல்.

ஐஜெஸ் கோடுகளையும் வளைவுகளையும் மேற்பரப்புகளையும் நன்றாகவே கடத்தியது. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. ஒரு தகரப்பெட்டியைக் கழற்றி ஆறு தகடுகளாக அனுப்பினால், வாங்குகிறவர் திரும்பவும் ஒட்டவேண்டும் இல்லையா? பழைய ஐஜெஸ் ஃபைல்கள் பெரும்பாலும் அப்படித்தான். மேற்பரப்புகள் வந்து சேரும், அவை சேர்ந்து ஒரு திண்மப் பொருள் என்ற தகவல் வராது. விளிம்புகளுக்கு நடுவில் மயிரிழை இடைவெளிகள் இருக்கும். அதோடு விவரக்குறிப்பு பெரிது, ஒவ்வொரு கம்பனியும் தனக்கு வசதியான பகுதியை மட்டும் தனக்கு விளங்கிய மாதிரி நிறைவேற்றியது. ஒரே ஐஜெஸ், ஆனால் ஊருக்கு ஊர் வேறு வட்டார வழக்கு.

இதனால் மற்ற நாடுகள் தங்கள் வழியைப் பார்த்தன. ஜேர்மன் கார்த்தொழில் சங்கம் மேற்பரப்புகளுக்கென வி.டி.ஏ.-எஃப்.எஸ். என்ற வடிவத்தைக் கொண்டுவந்தது. பிரான்சில் விமானக் கம்பனியான ஏரோஸ்பசியால் 'செட்' என்ற ஒன்றை உருவாக்கியது. மொழிபெயர்ப்புக்கென்று வந்த பொதுமொழியே மூன்றாகப் பிரிந்தது.

கேர்னல்: உள்ளே இருக்கிற இயந்திரம்

இந்த மயிரிழை இடைவெளி எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும், ஏனென்றால் இன்றைக்கும் ஃபைல் மாற்றும்போது வருகிற பிழைகளில் பாதியின் வேர் இதுதான்.

ஒவ்வொரு கேட் மென்பொருளுக்குள்ளும் வடிவக்கணிதத்தைச் செய்கிற ஒரு பகுதி இருக்கிறது. அதைக் 'கேர்னல்' என்பார்கள். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இயன் பிரெய்ட் 1970களில் திண்மப் பொருட்களைக் கணினியில் விவரிக்கும் முறையை வளர்த்தார். அந்தக் குழுவைச் சேர்ந்தவர்கள் தொடங்கிய ஷேப் டேட்டா கம்பனியிலிருந்து ரோமுலஸ் என்ற கேர்னலும், அதன் வழியில் பாராசொலிட்டும் வந்தன. பிறகு அதே ஆட்களில் சிலர் சேர்ந்து 1980களின் கடைசியில் ஏசிஸ் என்ற இன்னொரு கேர்னலை எழுதினார்கள். இன்றைக்குச் சந்தையில் இருக்கிற பல மென்பொருட்களின் வயிற்றுக்குள் இந்தக் கேம்பிரிட்ஜ் குடும்பம்தான் இருக்கிறது. சொலிட்வேர்க்ஸ் ஓடுவது பாராசொலிட்டில்.

இரண்டு விளிம்புகள் எவ்வளவு நெருங்கினால் 'ஒன்று' என்று எடுத்துக்கொள்வது? ஒரு கேர்னலுக்கு ஆயிரத்தில் ஒரு மில்லிமீற்றர் போதும். இன்னொன்று அதைவிட நூறு மடங்கு நுணுக்கம் கேட்கும். முதலாவதில் மூடிய பெட்டியாக இருந்தது, இரண்டாவதுக்குப் போனதும் ஓட்டைப் பெட்டியாகத் தெரியும். இதில் இரண்டு பக்கத்திலும் பிழை இல்லை. 'தொடுகிறது' என்ற சொல்லுக்கு ஆளுக்கொரு அர்த்தம் வைத்திருக்கிறார்கள்.

இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடமும் உண்டு. அனுப்புகிறவரும் பெறுகிறவரும் ஒரே கேர்னலில் ஓடுகிற மென்பொருட்களை வைத்திருந்தால், அந்தக் கேர்னலின் சொந்த வடிவத்திலேயே, உதாரணத்துக்குப் பாராசொலிட்டில், அனுப்புவது நல்லது. நடுவில் மொழிபெயர்ப்பு இல்லாததால் சேதம் குறைவு.

ஓட்டோகேட்டின் இரண்டு கதவுகள்

1982 இல் ஜோன் வோக்கரும் நண்பர்களும் ஓட்டோடெஸ்க் கம்பனியைத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ஓட்டோகேட் வந்தது. பெரிய பெட்டி வாங்க வசதியில்லாத சின்ன அலுவலகங்களுக்கும் ஒரு சாதாரண மேசைக்கணினியில் வரையும் வாய்ப்புக் கிடைத்தது.

ஓட்டோகேட்டுக்கு இரண்டு ஃபைல் வடிவங்கள். டி.டபிள்யூ.ஜி. என்பது அதன் சொந்த வடிவம், உள்ளே என்ன இருக்கிறது என்று கம்பனி வெளியே சொல்லவில்லை. டி.எக்ஸ்.எஃப். என்பது பரிமாற்றத்துக்கானது, அதன் விளக்கம் வெளியிடப்பட்டது. ஒரு வரியில் ஒரு குறியீட்டு எண், அடுத்த வரியில் அதற்குரிய மதிப்பு, அப்படியே ஃபைல் முழுக்க. ஒரு மாணவர்கூட இதை வாசிக்க நிரல் எழுதலாம். அதனால்தான் இன்றைக்கும் லேசரால் தகடு வெட்டுகிற கடைக்குப் போனால் "டி.எக்ஸ்.எஃப். இருக்கா?" எண்டு கேட்பார்கள். தட்டையான வடிவத்தை வெட்டுவதற்கு வேறெதுவும் தேவையில்லை. அலகில் மட்டும் கவனம் வேண்டும். பழைய ஃபைல்களில் எண் இருக்கும், அது மில்லிமீற்றரா அங்குலமா என்பது இருக்காது. 25.4 மடங்கு பெரிதாகவோ சிறிதாகவோ வெட்டுப்பட்டு வந்த தகடு பழைய இரும்புக்குத்தான் போகும்.

மற்றக் கதவு மூடியே கிடந்தது. உலகம் முழுக்க டி.டபிள்யூ.ஜி. ஃபைல்கள் குவிந்த பிறகு, அந்த வரைபடங்கள் யாருடையவை என்ற கேள்வி வந்தது. வரைந்தவருடையவையா, வடிவத்தைப் படைத்தவருடையவையா? 1998 இல் ஓட்டோடெஸ்க்கின் போட்டியாளர்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். பின்னாளில் அதன் பெயர் ஓப்பன் டிசைன் அலையன்ஸ். ஃபைல்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து அதன் அமைப்பைக் கண்டுபிடித்து, எல்லாரும் வாசிக்கக்கூடிய நிரற்றொகுதிகளை எழுதினார்கள். ஓட்டோடெஸ்க் தன் ஃபைல்களுக்குள் 'இது எங்களுடைய மென்பொருளில் செய்தது' என்று சொல்லும் அடையாளக் குறி ஒன்றைச் சேர்த்தது. கூட்டமைப்பு அதையும் போலச் செய்தது. 2006 இல் ஓட்டோடெஸ்க் வழக்குப் போட்டது, 2007 இல் இருதரப்பும் சமரசமானார்கள். ஒரு ஃபைலுக்குள் இருக்கிற சின்னக் குறிக்காக நீதிமன்றம் போகிற அளவுக்கு அங்கே காசு இருக்கிறது.

இடியப்பத்திலிருந்து மா எடுக்க ஏலாது

முப்பரிமாண அச்சியந்திரம் இப்போது எங்கட ஊர்களிலும் காணக் கிடைக்கிற பொருள். அதைத் தொட்டவர்களுக்கு எஸ்.டி.எல். ஃபைல் நல்லாத் தெரியும். 1980களில் ஒளியால் பிசினை இறுக்கிப் படலம் படலமாகப் பொருள் செய்யும் முறைக்கு சக் ஹல் காப்புரிமை பெற்றார். அவர் தொடங்கிய 3டி சிஸ்டம்ஸ் கம்பனிக்காக 1987 இல் இந்த வடிவம் உருவானது.

எஸ்.டி.எல். செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான். மேற்பரப்பை முக்கோணங்களாக வெட்டுகிறது. ஒவ்வொரு முக்கோணத்துக்கும் மூன்று மூலைகளின் ஆயங்கள், எந்தப் பக்கம் வெளியே என்று காட்டும் ஒரு திசை, வேறொன்றும் இல்லை. அலகு இல்லை. நிறம் தரத்தில் இல்லை. துளை என்று ஒன்று இல்லை, துளை மாதிரி வளைந்து நிற்கிற முக்கோணங்கள்தான் இருக்கின்றன. நீங்கள் 10 மில்லிமீற்றர் விட்டத்தில் போட்ட துளை இப்போது பல கோணங்கள் கொண்ட ஒரு குழி.

அச்சிடுவதற்கு இது போதும். அந்த எளிமைதான் அதன் வெற்றிக்கும் காரணம். ஆனால் ஒரு டிசைனை எஸ்.டி.எல். ஆக மட்டும் சேமித்துவிட்டு மூல ஃபைலைத் தொலைப்பது, இடியப்பத்தை வைத்துக்கொண்டு திரும்ப மா எடுக்கலாம் என்று நினைப்பது மாதிரி. இணையத்தில் கிடைக்கிற மாற்றிகள் எஸ்.டி.எல். ஐ ஸ்டெப் ஆக்கித் தரும்தான். திறந்து பார்த்தால் அதே ஆயிரம் முக்கோணங்கள் வேறு உடுப்புப் போட்டுக்கொண்டு நிற்கும். அலகும் நிறமும் சேர்த்துக் கடத்துகிற 3எம்.எஃப். என்ற புது வடிவம் 2015 இல் வந்தது. அச்சிடுவதற்கு அது நல்ல தெரிவு, ஆனால் அதுவும் முக்கோணங்களைத்தான் கடத்துகிறது.

ஸ்டெப்: பத்து வருசம் பேசிச் செய்த மொழி

ஐஜெஸின் குறைகளைப் பார்த்தவர்கள் 1984 இல் சர்வதேச தர நிறுவனமான ஐ.எஸ்.ஓ.வில் புதிதாகத் தொடங்கினார்கள். இம்முறை கோடுகளைக் கடத்துவது மட்டும் நோக்கமில்லை. ஒரு பொருளைப் பற்றிய முழுத் தகவலையும், அதாவது திண்ம வடிவம், எது எதற்குள் பொருந்தும், என்ன பொருளால் ஆனது என்பதையெல்லாம் விவரிக்கும் ஒரு மொழி வேண்டும் என்றார்கள். எக்ஸ்பிரஸ் என்ற தனி விவரணமொழியையே இதற்காக உருவாக்கினார்கள்.

பல நாடுகள், பல தொழில்கள், போட்டிபோடும் பல கம்பனிகள். பேசிப் பேசி முதல் தொகுதி வெளியாக 1994 ஆகிவிட்டது. ஐ.எஸ்.ஓ. 10303 என்பது அதன் எண், ஸ்டெப் என்பது புழங்கும் பெயர். சேமிக்கும்போது ஏ.பி.203, ஏ.பி.214, ஏ.பி.242 என்று மூன்று தெரிவுகள் ஏன் வருகின்றன என்பதற்கும் இங்கேதான் விடை. 203 ஐ விமானத்துறை முன்னின்று கொண்டுவந்தது. 214 ஐக் கார்த்துறை கொண்டுவந்தது, நிறமும் படலங்களும் அதில் வரும். இரண்டு வீட்டுக்காரரும் ஒரே முற்றத்துக்கு வந்தது 2014 இல், அதுதான் 242. அளவுகளையும் சகிப்பெல்லைகளையும் முப்பரிமாண வடிவத்தோடு சேர்த்தே கடத்த அது இடம் தருகிறது. எதைத் தெரிவது என்று யோசித்தால், பெறுகிறவரின் மென்பொருள் வாசிக்கும் என்றால் 242. சந்தேகம் என்றால் 214.

ஸ்டெப் ஃபைலும் வெறும் எழுத்துதான். நோட்பேடில் திறந்தால் முதல் வரியிலேயே தரத்தின் எண் இருக்கும். கீழே ஒவ்வொரு வரிக்கும் ஒரு இலக்கம், ஒரு பெயர். இது ஒரு புள்ளி, இது ஒரு உருளை மேற்பரப்பு, இந்த முகத்தின் எல்லை அந்த வளையம், இப்படி. அலகும் எழுதப்பட்டிருக்கும். தகரப்பெட்டி இப்போது தகடுகளாக வருவதில்லை, ஒட்டிய பெட்டியாகவே வருகிறது.

ஆனால் ஸ்டெப் கொண்டுவராத ஒன்று இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள 1988 க்குப் போகவேண்டும். லெனின்கிராட்டிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த கணிதவியலாளர் சாமுவேல் கைஸ்பெர்க் தொடங்கிய கம்பனி, அந்த ஆண்டு புரோ/என்ஜினியர் என்ற மென்பொருளை வெளியிட்டது. அதில் வடிவத்தை மட்டும் வரைவதில்லை, வரைந்த வரிசையும் விதிகளும் சேர்ந்தே பதிவாகும். 'இந்தத் துளை எப்போதும் தகட்டின் நடுவில்', 'இந்தச் சுவரின் தடிப்பு அந்தச் சுவரின் பாதி' எண்டு எழுதிவைத்தால், ஒரு அளவை மாற்ற மற்றதெல்லாம் தானாக மாறும். இன்றைக்குக் கிட்டத்தட்ட எல்லா மென்பொருளும் இப்படித்தான் வேலை செய்கின்றன.

அந்த வரிசையும் விதிகளும் நடைமுறையில் ஸ்டெப்பில் வருவதில்லை. சமைத்த கறி வரும், சமையல் குறிப்பு வராது. ஒவ்வொரு மென்பொருளும் அந்தக் குறிப்பைத் தன் சொந்த ஃபைலுக்குள் தன் பாணியில் வைத்திருக்கிறது. உங்கட உண்மையான உழைப்பு, நீங்கள் யோசித்த யோசனை, அந்தக் குறிப்பில்தான் இருக்கிறது. பூட்டு விழுகிற இடமும் அதுதான்.

ஒரே பெயர், இரண்டு மொழி: ஏ380

இதெல்லாம் நுட்பக்காரரின் சில்லறைப் பிரச்சினை என்று நினைக்கிறவர்களுக்கு எயார்பஸ் ஏ380 இன் கதையைச் சொல்லவேண்டும். உலகின் மிகப் பெரிய பயணிகள் விமானம். ஜேர்மனி, பிரான்ஸ், பிரித்தானியா, ஸ்பெயின் ஆகிய நான்கு நாடுகளில் பாகங்கள் செய்து, பிரான்சின் துலூஸ் நகரில் பொருத்தினார்கள். ஒரு விமானத்துக்குள் ஓடுகிற மின்கம்பிகளின் நீளம் மட்டும் சுமார் 530 கிலோமீற்றர்.

எல்லாரும் பாவித்தது ஒரே கம்பனியின் கேட்டியா மென்பொருள்தான். ஆனால் பிரெஞ்சு, பிரித்தானியத் தளங்கள் 5 ஆம் பதிப்புக்கு மாறியிருந்தன. ஜேர்மன், ஸ்பானியத் தளங்கள் 4 ஆம் பதிப்பிலேயே இருந்தன. 5 என்பது 4 இன் திருத்தம் அல்ல, அடியிலிருந்து புதிதாக எழுதப்பட்ட வேறு மென்பொருள். ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போகும்போது எல்லாத் தகவலும் முழுதாகப் போகவில்லை. அலுமினியக் கம்பியை எவ்வளவு வளைக்கலாம், செப்புக் கம்பியை எவ்வளவு வளைக்கலாம் போன்ற விதிகளை இரண்டு பக்கமும் ஒரேமாதிரிக் கையாள முடியவில்லை. டிசைன் மாற்றங்களும் ஒத்துப்போகவில்லை.

ஹம்பேர்க்கில் கம்பிகள் போட்ட உடற்பகுதிகள் துலூசுக்கு வந்தன. பொருத்தப் பார்த்தால் கம்பிகள் எட்டவில்லை. திரையில் சரியாகப் பொருந்திய கம்பி, நேரில் கட்டை. ஜேர்மனியிலிருந்து தொழிலாளர்கள் துலூசுக்குப் போய்க் கையால் பிரித்துத் திரும்ப இழுக்கவேண்டி வந்தது. 2006 ஜூனில் தாமதம் அறிவிக்கப்பட்டதும் தாய்க் கம்பனியான ஈ.ஏ.டி.எஸ்.இன் பங்கு விலை ஒரே நாளில் 26 வீதம் விழுந்தது. 2010 வரைக்குமான இலாபத்தில் ஏறத்தாழ 4.8 பில்லியன் யூரோ குறையும் என்று பிறகு கணக்குச் சொன்னார்கள். முதல் விமானம் சிங்கப்பூர் எயார்லைன்ஸின் கைக்குப் போனது 2007 ஒக்டோபரில்.

எல்லாப் பழியையும் ஃபைல்களின் மேல் போடுவதும் சரியில்லை. நான்கு நாட்டுக் கம்பனிகள் பேருக்கு ஒன்றாகி, தங்கள் பழைய கருவிகளையும் பழைய பெருமைகளையும் விடாமல் இருந்ததுதான் ஆழமான காரணம். ஆனால் அந்த ஒற்றுமையின்மை வெளியே தெரிந்த இடம், கட்டையாகிப்போன கம்பி.

ஏ380 பெரிய உதாரணம், ஆனால் தனி உதாரணம் இல்லை. 1999 இல் அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட ஆய்வொன்று, அந்நாட்டுக் கார்த்தொழில் வழங்கல் சங்கிலியில் மட்டும் தரவு ஒழுங்காகப் பரிமாறப்படாததால் ஆண்டுக்குக் குறைந்தது 1 பில்லியன் டொலர் வீணாகிறது என்று சொன்னது. அதில் பெரும்பகுதி, சேதமான ஃபைல்களைத் திருத்துவதற்கும் திரும்ப வரைவதற்கும் போன செலவு.

அப்போ நாங்கள் என்ன செய்யிறது?

போயிங்கும் எயார்பஸ்ஸும் எங்களுக்குத் தூரம்தான். பூட்டு அவ்வளவு தூரத்தில் இல்லை. பல்கலைக்கழகத்தில் மாணவர் உரிமத்தோடு கிடைக்கிற மென்பொருளில் நாலு வருசம் வரைகிறோம். பட்டம் வாங்கியதும் உரிமம் முடியும். தொழிலுக்கான உரிமத்தின் விலை இங்கத்தைய ஆரம்பச் சம்பளத்துக்கு எட்டாது. நாலு வருச வேலையும் வன்தட்டில் பத்திரமாக இருக்கும், திறக்கத்தான் ஏலாது. சில மாணவர் பதிப்புகளில் சேமித்த ஃபைல், தொழில் பதிப்பில் திறக்கும்போது 'மாணவர் பதிப்பு' என்ற முத்திரையோடுதான் வரும். பெரும்பாலான மென்பொருட்களில் புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு வாசிக்காது. ஆகவே பல்கலைக்கழகக் கணினியில் செய்ததை வீட்டுக் கணினியில் திறக்கமுடியாமல் போவதும் உண்டு.

இந்த வரலாற்றிலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்கிற வழக்கம் இதுதான். வேலை நடக்கும்வரை மென்பொருளின் சொந்த ஃபைலை வைத்திருங்கள், சமையல் குறிப்பு அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் அதனோடு ஒரு ஸ்டெப் பிரதியும், அளவுகள் போட்ட வரைபடத்தின் ஒரு பி.டி.எஃப். பிரதியும் சேர்த்து வையுங்கள். உரிமம் முடிந்தாலும் வடிவமும் அளவும் உங்கட கையில் இருக்கும். யாருக்காவது அனுப்பும்போது முதலில் அவர் அதை வைத்து என்ன செய்யப் போகிறார் என்று கேளுங்கள். தகடு வெட்டப் போகிறாரென்றால் டி.எக்ஸ்.எஃப்., அலகை எழுதி அனுப்புங்கள். அச்சிடப் போகிறாரென்றால் 3எம்.எஃப். அல்லது எஸ்.டி.எல். கடையப் போகிறார், அல்லது மேலும் டிசைன் செய்யப் போகிறார் என்றால் ஸ்டெப். வேறு வழியே இல்லாத பழைய இயந்திரத்துக்கு மட்டும் ஐஜெஸ். அனுப்புமுன், நீங்கள் ஏற்றுமதி செய்த ஃபைலை நீங்களே ஒருமுறை திரும்பத் திறந்து, ஒரு அளவையாவது அளந்து பாருங்கள். அஞ்சு நிமிச வேலை.

இன்னொரு பாதையும் இருக்கிறது. பிரான்சின் மாத்ரா டேட்டாவிஷன் கம்பனி 1999 இல் தன் கேர்னலின் மூலநிரலை வெளியே திறந்துவிட்டது. அதுதான் ஓப்பன் கஸ்கேட். அதன் மேல் கட்டப்பட்ட கட்டற்ற மென்பொருள் ஃபிரீகேட். 2002 இல் தொடங்கி, 2024 நவம்பரில்தான் 1.0 பதிப்பைத் தொட்டது. பெரிய மென்பொருட்களின் வசதி எல்லாம் அதில் இல்லை, பழகவும் பொறுமை வேண்டும். ஆனால் அதன் ஃபைல் ஒரு சாதாரண சிப் கட்டு, பிரித்தால் வரைந்த வரிசை எழுத்தாகவே தெரியும். சமையல் குறிப்பைப் பூட்டாமல் வைத்திருக்கிற சமையலறை அது. முதலாவது மென்பொருளாகவோ இரண்டாவதாகவோ அதையும் பழகி வைத்திருப்பது நட்டமில்லை.

விமானக் கம்பனிகளுக்கே இந்தப் பயம் வந்துவிட்டது. ஒரு விமானம் அரை நூற்றாண்டு பறக்கலாம், அதன் டிசைனை வரைந்த மென்பொருள் அவ்வளவு காலம் இருக்காது. அதனால் போட்டிக் கம்பனிகள்கூட 'லோட்டார்' என்ற பெயரில் ஒன்றாகக் கூடி, நீண்டகாலத்துக்கு எதை எப்படிச் சேமிப்பது என்று தரம் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் அடித்தளமாக எடுத்துக்கொண்டது ஸ்டெப். காரணம் விளங்கக் கஷ்டமில்லை. அதன் இலக்கணம் வெளியே அச்சாகி இருக்கிறது. எழுதிய கம்பனி இல்லாமல் போனாலும், ஐம்பது வருசம் கழித்து யாரோ ஒருத்தர் அந்த இலக்கணத்தைப் படித்து, வாசிக்கிற நிரலைத் திரும்ப எழுதலாம்.

உங்கட மடிக்கணினியில் கிடக்கிற டிசைன்களுக்கும் அந்த வாய்ப்பைக் கொடுங்கள். உரிமம் முடிவதற்கு முதல் வருகிற ஒரு சனிக்கிழமை போதும்.